மேலே பல்லே இல்லை, கீழே முன்பற்கள் ஆறு: அம்மாவுக்கு எந்தப் பல் செட்?

கேள்வி இது: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. மேல் வரிசையில் ஒரு பல்லும் மிச்சமில்லை. கீழே முன்பற்கள் ஆறு மட்டும் நிற்கின்றன. ஒரு மருத்துவர் அந்த ஆறையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழு செட் போடலாம் என்கிறார். இன்னொருவர் வளையக்கூடிய ஃபிளெக்சிபிள் செட் என்கிறார். மூன்றாமவர் தாடை எலும்பில் திருகு போலப் பதிக்கும் இம்ப்ளாண்ட் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் அந்த ஆறு பற்களைப் பற்றிப் பேசிவிடுவோம். அவற்றை அவசரப்பட்டுப் பிடுங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பல் வேர் உள்ளே இருக்கும்வரைதான் அதைப் பிடித்திருக்கும் தாடை எலும்பும் நிற்கும். வேர் போனதும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வேகமாகக் கரையும். பிறகு வேகம் குறையும், ஆனால் ஆயுள் முழுக்க நிற்காது. 1972இல் வெளியான, முழு செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கீழ்த் தாடையின் கரைவு மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. செட் மாறாது, தாடை மாறிக்கொண்டே இருக்கும். பல் செட் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் இந்த ஒன்றுதான்.

கீழ் செட்டுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் உறிஞ்சிப் பிடித்ததுபோல ஒட்டிக்கொள்ளும். கீழே அண்ணம் கிடையாது. குதிரை லாடம் போன்ற ஒரு மேட்டின் மேல், மேல் செட்டில் ஏறக்குறைய பாதிப் பரப்பில் அது உட்கார வேண்டும். ஒரு பக்கம் நாக்கு தள்ளும், மறுபக்கம் கன்னம் தள்ளும். அதனால் மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட் மட்டும் ஆடுகிறது என்றால் உடனே மருத்துவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கீழ் செட்டின் பிடிமானம் மேல் செட்டுக்கு ஈடாகாது. கீழே இரண்டு வேராவது மிஞ்சியிருந்தால் கதை வேறு.

ஆனால் ஆறு பற்களையும் அப்படியே விட்டுவிட்டு மேலே மட்டும் முழு செட் போட்டுக்கொள்வதும் சரியல்ல. அம்மா முன்பற்களாலேயே மெல்லுவார். அந்த அழுத்தம் முழுதும் மேல் செட்டின் முன்பகுதியில் விழும். சில வருடங்களில் மேல் தாடையின் முன் எலும்பு கரைந்து, ஈறு தொளதொளவென்று ஆடும் சதையாகிவிடும். மேல் கடைவாய்ப் பக்கம் எலும்பும் சதையும் கீழ்நோக்கித் தொங்கும். மேல் செட் முன்பக்கம் அழுந்திப் பின்பக்கம் தூக்கும். அதன் பிறகு எத்தனை புது செட் செய்தாலும் நிற்காது. ஆகவே கீழே ஆறு பற்கள் இருக்கிறவருக்குப் பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் கட்டாயம் வேண்டும். மெல்லும் வேலை அங்கே நடக்க வேண்டும்.

எனவே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேரின் பாதிக்கு மேல் எலும்புக்குள் இருந்து, பல் விரலால் தள்ளினால் ஆடாமல் இருந்தால், ஆறையும் வைத்துக்கொண்டு பின்பக்கத்துக்கு கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம் கொண்ட பகுதி செட் செய்வதே நல்ல வழி. உலோகம் மெல்லியது, உடையாது. பல்லின் மேல் சிறு படி போல உட்கார்வதால் மெல்லும் பாரத்தில் ஒரு பங்கைப் பல்லும் தாங்கும், ஈறு மட்டும் நசுங்காது.

பற்கள் ஆடினால்கூட எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமென்பதில்லை. இரண்டு கோரைப் பற்களின் (சிங்கப்பல் என்பார்கள்) வேர்தான் வாயிலேயே நீளமானது, பெரும்பாலும் கடைசிவரை நிற்பதும் அதுதான். அந்த இரண்டுக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு உருண்டையாக வெட்டி, அவற்றின் மேல் செட் உட்காரும்படி செய்யலாம். 1978இல் வந்த ஒரு ஆய்வில், இப்படிக் கோரைப் பல் வேரை விட்டுவைத்தவர்களுக்கு ஐந்து ஆண்டில் கீழ்த் தாடையின் முன் எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர் குறைந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு எந்தச் சிகிச்சையிலும் இவ்வளவு குறைந்த செலவில் வாங்க முடியாது. ஒரே நிபந்தனை: செட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் அந்த வேர்கள் சுலபமாகச் சொத்தையாகும். தினமும் துலக்கி, மருத்துவர் சொல்லும் ஃபுளோரைடு ஜெல்லை ஒரு துளி தடவ வேண்டும்.

ஃபிளெக்சிபிள் செட் நைலான் வகை. ஈறு நிறத்திலேயே பிடி இருப்பதால் கம்பி தெரியாது, மெலிதாக இருக்கும், கீழே விழுந்தாலும் உடையாது. விளம்பரத்தில் சொல்லாதது என்னவென்றால், தாடை கரைந்து தளர்ந்தபின் உள்பக்கம் பூசிச் சரிசெய்யும் ரீலைனிங் இதில் சுலபமாக நடக்காது, புதிதாக ஒரு பல் சேர்ப்பதும் கடினம். பாரம் முழுதும் ஈறின் மேலேயே விழும். ஒன்றிரண்டு முன்பற்கள் இல்லாதவருக்கு அது பரவாயில்லை. கீழே இருபுறமும் கடைவாய்ப் பல்லே இல்லாத உங்கள் அம்மாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண அக்ரிலிக் (கடினமான பிளாஸ்டிக் வகை) பகுதி செட் விலை குறைவு, பல் சேர்க்க வசதியானது. பற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இடைக்காலத்துக்கு அது சரி.

இம்ப்ளாண்ட் என்றதும் வாய் முழுக்கப் பதிக்க வேண்டும் என்று எண்ணிப் பலரும் பின்வாங்குகிறார்கள். கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு போதும். அவற்றின் மேல் செட் டிக்கென்று மாட்டிக்கொள்ளும், இரவில் கழற்றலாம். கீழ்த் தாடையில் பல்லே இல்லாதவருக்கு இதையே முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். பதித்தபின் எலும்போடு சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மாட்டும் இடத்திலுள்ள நைலான் அல்லது ரப்பர் வளையம் தேய்ந்துபோகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும், ஆகவே மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைக் கேட்பார்கள். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தால் பல் பிடுங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், ஆனால் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து, செட் எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டே முறை வரவழைத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்றால் ஏதோ ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். முழு செட்டுக்குப் பொதுவாக ஐந்து வருகை. முதல் நாள் மாவு போன்ற பொருளால் பொதுவான அளவு எடுத்து, அதிலிருந்து அம்மாவின் வாய்க்கென்றே ஒரு தட்டு செய்வார்கள். இரண்டாவது நாள் அந்தத் தட்டின் விளிம்பில் இளகிய பச்சை மெழுகுக் குச்சியைத் தடவி, கன்னத்தையும் உதட்டையும் அசைக்கச் சொல்லி, விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்று வடிப்பார்கள். பிறகு பசை போன்ற பொருளால் நுணுக்கமான அளவு. மேல் செட்டின் பிடிமானம் பெரும்பாலும் இந்த நாளில்தான் முடிவாகிறது. மூன்றாவது நாள் மெழுகுத் திட்டுகளை வாயில் வைத்து, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே உயரம் எவ்வளவு, எந்த இடத்தில் கடிக்கிறார் என்று பதிவு செய்வார்கள். பல்லின் நிறமும் அளவும் அன்றே தேர்வாகும்.

நான்காவது நாள் மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது. இதுதான் உங்கள் நாள். அன்று அம்மாவோடு வீட்டில் இன்னொருவரும் போங்கள். அம்மா பல்லோடு சிரிக்கும் பழைய கல்யாணப் போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள். மெழுகாக இருக்கும்போது எந்தப் பல்லையும் நகர்த்தலாம், அக்ரிலிக்காக வெந்தபின் முடியாது. கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை. சும்மா உட்கார்ந்து உதட்டை மூடியிருக்கும்போது மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் பேசும்போது பல் டக்டக்கென்று மோதும், மாலையானால் தாடை வலிக்கும், ஈறு புண்ணாகும். இடைவெளி அதிகம் என்றால் மூக்கும் தாடையும் நெருங்கி முகம் கிழடு தட்டும், வாயோரத்தில் உமிழ்நீர் தேங்கி வெடிக்கும். பிறகு பேசச் சொல்லுங்கள். “வா, வீடு, வெள்ளி” என்னும்போது மேல் பல்லின் நுனி கீழ் உதட்டை மெல்லத் தொட வேண்டும். “தாத்தா, தம்பி” என்னும்போது நாக்கு நுனி மேல் பல்லின் பின்புறம் இயல்பாகப் படிய வேண்டும். “சாமி, சர்க்கரை, சாம்பார்” என்னும்போது மேலும் கீழும் மோதக் கூடாது. நிறத்தில் பளீரென்ற வெள்ளையைக் கேட்காதீர்கள். அறுபது வயது முகத்தில் அது பொய் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும்.

பற்களை எடுத்துவிட்டு எப்போது அளவு எடுப்பது? காயம் ஆற ஆறு முதல் எட்டு வாரமாவது விடுவது வழக்கம். பல் எடுத்த அன்றே மாட்டும் உடனடி செட்டும் உண்டு. வெளியே போக வேண்டியவருக்கு அது நல்லது, ஆனால் சில மாதங்களிலேயே தளர்ந்து ரீலைனிங் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உடனடி செட்டை முதல் 24 மணி நேரம் மருத்துவர் சொல்லும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கத்தில் மறுபடி உள்ளே போகாது.

செட் வந்த முதல் வாரம் வாயில் எச்சில் ஊறும், பெரிய கல் வைத்ததுபோல இருக்கும், குமட்டலும் வரலாம். சில நாளில் குறையும். குமட்டல் நிற்கவே இல்லை என்றால் மேல் செட்டின் பின் விளிம்பு நீளமாக இருக்கலாம், அல்லது தளர்ந்து தொங்கலாம். மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படித்தால் பேச்சு சீக்கிரம் தெளியும். உணவில் முதல் சில நாள் இட்லி, குழைந்த சாதம், பருப்பு, வேகவைத்த காய். பிறகு சப்பாத்தியைச் சிறு துண்டாக்கிச் சாப்பிடலாம். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும், ஆகவே வாயின் இரு பக்கத்திலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மெல்ல வேண்டும். கொய்யா, முறுக்கு, கரும்பு இவற்றை முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது, கத்தியால் வெட்டித் தாருங்கள். எள், கேழ்வரகு, தக்காளி விதை கீழ் செட்டுக்குள் புகுந்தால் ஊசி குத்துவதுபோல வலிக்கும். சாப்பிட்டு முடித்ததும் கழற்றி அலசினால் போதும். அண்ணம் மூடியிருப்பதால் சூடு சரியாகத் தெரியாது, காப்பியைத் தொண்டையில்தான் உணர்வார். முதல் சில வாரம் ஆற்றிக் கொடுங்கள். மென்று பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பழகினாலும் சொந்தப் பல்லின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஈறில் புண் வந்தால் கத்தியாலோ உப்புத்தாளாலோ வீட்டில் தேய்க்க வேண்டாம். எந்த இடம் உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தவறான இடத்தைத் தேய்த்தால் பிடிமானமே போய்விடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். மருத்துவரிடம் போவதற்கு முன் சில மணி நேரமாவது செட்டை மாட்டியிருக்க வேண்டும். கழற்றிவைத்துப் புண் ஆறியபின் போனால் எங்கே உரசுகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. பலர் இதைச் செய்யாததால்தான் மூன்று முறை போயும் சரியாகவில்லை என்கிறார்கள்.

சுத்தம் செய்யும் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, செட்டையும் பற்பசையால் துலக்குவது. பற்பசையில் தேய்க்கும் துகள் உண்டு. பல்பொடி, உமிக்கரி, உப்பு எல்லாம் அதைவிடக் கடினம். அக்ரிலிக் மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதில் பூஞ்சை குடியேறும், பளபளப்பும் போய்விடும். மென்மையான பிரஷ், கைகழுவும் சோப்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, சாதாரணத் தண்ணீர், அவ்வளவுதான். ஈறில் படியும் உள்பக்கத்தைத்தான் அதிகம் தேய்க்க வேண்டும். தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பியோ ஒரு துண்டை மடித்து விரித்தோ அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள். செட் உடைவது பெரும்பாலும் வாயில் அல்ல, குளியலறைத் தரையில். கீழ் செட்டை இரு முனையையும் சேர்த்து உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் நடுவில் முறியும். வெந்நீரில் போடவே கூடாது, வளைந்துவிடும்.

போர்வெல் தண்ணீர் வீடுகளில் செட்டில் கல்போல உப்புப் படியும். அதைச் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தால் இளகும். உலோகம் உள்ள செட்டில் இதை அடிக்கடி செய்ய வேண்டாம். செட் சுத்தம் செய்யும் மாத்திரை என்றால், அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்குச் செட்டை ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டே மாட்ட வேண்டும். வாயில் மாட்டியபடி பயன்படுத்தவே கூடாது. பிளீச்சிங் திரவத்தை மருத்துவர் அளவு சொல்லாமல் தொடாதீர்கள். உலோகச் சட்டத்தில் அது அரிப்பு உண்டாக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் அக்ரிலிக்கும் வெளுக்கும்.

இரவில் கழற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னும் முக்கியம். இரவும் பகலும் மாட்டியிருந்தால் மேல் அண்ணத்தில் செட்டின் வடிவத்திலேயே செக்கச்செவேல் என்று படலம் தெரியும். வலிக்காது, அதனால் கவனிக்கவே மாட்டார்கள். அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. மருத்துவர் தரும் பூஞ்சைக் கொல்லி மருந்து அண்ணத்துக்கு மட்டும் போட்டால் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் பூஞ்சை செட்டிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். கழற்றியபின் மெல்லிய துணியாலோ பிரஷாலோ ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் துடைக்கட்டும். செட்டை மூடியுள்ள டப்பாவில் சுத்தமான தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தால் காய்ந்து உருமாறும், குப்பையோடு போய்விடும் ஆபத்தும் உண்டு. பகுதி செட் என்றால் கம்பி தொடும் பற்களைத் தனியாகக் கவனித்துத் துலக்க வேண்டும், அடுத்த சொத்தை அங்கேதான் வரும்.

தளர்ந்த செட்டுக்குப் பசை தற்காலிகத் துணை மட்டும். பட்டாணி அளவில் மூன்று நான்கு புள்ளி போதும். பிதுங்கி வழிந்தால் அதிகம். நாளுக்கு நாள் கூடுதலாகப் பசை தேவைப்பட்டால், தாடை கரைந்து ரீலைனிங் நேரம் வந்துவிட்டது என்று பொருள். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டதுண்டு, ஆகவே துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உடைந்த செட்டை ஃபெவிக்குவிக்கால் ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒரு நூல் இழை தள்ளி ஒட்டிக்கொண்டாலும் லேபில் மறுபடி சரியாகச் சேர்க்க முடியாது. எல்லாத் துண்டுகளையும் அப்படியே எடுத்துப் போனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். மேல் செட் நட்டநடுவில் மீண்டும் மீண்டும் முறிந்தால் பொருள் மட்டும் காரணமல்ல, தாடை கரைந்து செட் நடுவில் ஊஞ்சலாடுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை, செட் நன்றாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டில் பல்லே தேய்ந்துபோகும், புது செட் தேவைப்படும். விளிம்பு உரசும் இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை வளர்ந்தாலோ, செட்டைக் கழற்றிவைத்தும் ஒரு புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்திருந்தால் அந்தப் புண்ணைப் புற்றுநோய் என்ற சந்தேகத்தோடுதான் முதலில் பார்க்க வேண்டும்.

செலவுக்குப் பயந்து தெருவோரம் பல் கட்டுபவரிடம் போக வேண்டாம். அவர் வேரை எடுக்காமல், பக்கத்துப் பல்லில் கம்பியைச் சுற்றி, வாயிலேயே அக்ரிலிக்கை ஊற்றி இறுகவைப்பார். ‘பிக்ஸட் பல்’ என்று பெயர். கழற்றிக் கழுவ முடியாது, அடியில் சீழ் பிடிக்கும், நல்ல பற்களும் சேர்ந்து போகும். சட்டப்படி மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் இந்தச் சிகிச்சை செய்யலாம். பணம் குறைவென்றால் சென்னை, சிதம்பரம் அண்ணாமலைநகர், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியைவிடக் குறைவு. மாணவர்கள் செய்வதால் வருகைகள் கூடும், ஆனால் மேலே சொன்ன எந்தப் படியையும் அங்கே தாண்ட மாட்டார்கள், ஆசிரியர் ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வேறு ஏதாவது அறுவை சிகிச்சைக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கோ போனால் முன்கூட்டியே செட்டைக் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள சிறு அக்ரிலிக் செட் தூக்கத்திலோ மயக்கத்திலோ தொண்டைக்குள் போய்விடலாம். கம்பி இல்லாத அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் செட் மாட்டியிருந்தார் என்பதை அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.